கீழே எழுதிய பெயர்: அன்னா அட்கின்ஸும் அவருடைய நீலப் பக்கங்களும்



கலையும் அறிவியலும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவுடன் எனக்கு நினைவு வந்தது ஒரு நிறம். ஆழ்ந்த நீலம், அதன் நடுவில் வெள்ளையாக விரிந்து கிடக்கும் ஒரு பெரணி இலை அல்லது ஒரு கடற்பாசி. அண்மைக் காலத்தில் இந்தப் படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். உணவகங்களிலும், மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளிலும், புதுமனை புகுந்தவர்களின் கூடங்களிலும் இரண்டு மூன்று சட்டங்களாகச் சேர்த்து மாட்டியிருப்பார்கள். தாவர ஓவியம் என்ற பெயரில் கடைகளில் விற்கிறது. இலை மட்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, கீழே உள்ள எழுத்துகளை வெட்டிவிட்டு அச்சிடுகிறவர்களும் உண்டு.

அது ஓவியம் இல்லை, ஒளிப்படம். வெட்டப்பட்ட அந்த எழுத்துகள், படத்தை உருவாக்கிய பெண்ணே தன் கையால் எழுதியவை. அவர் அதைச் சுவருக்காகச் செய்யவும் இல்லை. ஒரு நூலின் பக்கமாகச் செய்தார். அந்த நூல் வெளிவரத் தொடங்கியது 1843இல். ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூல் என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் அன்னா அட்கின்ஸ்.

1799 மார்ச் 16 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், டன்பிரிட்ஜ் ஊரில் பிறந்தார். மறு ஆண்டே தாய் இறந்துவிட்டார். ஒரே மகளை வளர்த்தவர் தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன். வேதியியல், கனிமவியல், விலங்கியல் என்று எல்லாவற்றிலும் கைவைத்தவர் அவர். டன்பிரிட்ஜ் வீட்டில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு மின்கல அடுக்கை அங்கே கட்டினார். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அந்த வீட்டுக்கு வந்துபோகும் நண்பர். குடும்பத்தின் வங்கித் தொழில் நொடித்தபோது சில்ட்ரன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில்ட்ரனைட் என்ற கனிமத்துக்கு அவர் பெயர்தான் இடப்பட்டிருக்கிறது.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கிடைத்த கல்வி, அக்காலத்துப் பெண்கள் பலருக்கும் எட்டாதது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் எழுதிய சங்கு, சிப்பி வகைகளைப் பற்றிய நூலைத் தந்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதற்கான படங்களை, 250க்கும் மேற்பட்டவற்றை, மகள் வரைந்தார். 1820களின் தொடக்கம் அது. அவருக்கு வயது இருபத்துச் சொச்சம். ஒரு சங்கின் சுழிகளை எண்ணி, வாயின் வளைவைப் பார்த்து, இன்னொரு வகையோடு குழம்பாதபடி வரைவது எவ்வளவு கடினம் என்பது இங்கே அமர்ந்திருக்கும் விலங்கியல் மாணவர்களுக்குத் தெரியும். கையால் வரைவதன் எல்லை எது என்பதை அவர் அந்த வேலையில்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் வரையத் தெரியாததால் ஒளிப்படத்தை நாடியவர் இல்லை அவர். நன்றாக வரையத் தெரிந்தவர், வரைதல் போதாது என்று கண்டவர்.

1825இல் ஜான் பெல்லி அட்கின்ஸை மணந்து, அதே கென்ட் பகுதியில் ஹால்ஸ்டெட் பிளேஸ் என்ற மாளிகைக்குக் குடிபோனார். குழந்தைகள் இல்லை. செடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, பெயரிட்டு வைப்பதில் ஈடுபட்டார். 1839இல் லண்டன் தாவரவியல் சங்கத்தில் உறுப்பினரானார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட மிகச் சில கற்றோர் சங்கங்களில் அது ஒன்று. அவருடைய தந்தை செயலாளராக இருந்த ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராக ஏற்க 1945 வரை ஆனது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே 1839இல்தான் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பாரிசில் டகேரின் முறை. லண்டனில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டின் முறை. வெள்ளி உப்பு தடவிய தாளில் இலையையோ சரிகைத் துணியையோ வைத்து வெயிலில் காட்டினால் அதன் உரு பதிவதை டால்பட் ராயல் சொசைட்டியில் விளக்கினார். சில்ட்ரனுக்கு அவரோடு நேரடிப் பழக்கம். 1841இல் டால்பட்டுக்கு எழுதிய கடிதத்தில், தானும் மகளும் இந்த முறையில் தேர்ச்சி பெறும்வரை விடப்போவதில்லை என்றும், மகளுக்கென்று ஒரு கேமரா செய்யச் சொல்லியிருப்பதாகவும் சில்ட்ரன் குறிப்பிட்டார். அந்தக் கேமராவில் அன்னா எடுத்ததாக உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு படமும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை எல்லாம் கேமரா இல்லாமல் செய்தவை.

1842இல் வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல் வேறொரு வழியைக் கண்டார். அவரும் கென்ட் பகுதியில் குடியிருந்தவர், சில்ட்ரனின் நண்பர். வெள்ளிக்குப் பதிலாக இரும்பு உப்புகளைப் பயன்படுத்தும் முறை அது. அதற்கு சயனோடைப் என்று பெயர். நண்பரின் மகள் அடுத்த ஆண்டே அந்த முறையில் ஒரு நூலைத் தொடங்கிவிட்டார்.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். அது தெரியாமல் அந்தப் படங்களைப் பார்த்தால் பாதிதான் தெரியும். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு என்று இரண்டு உப்புகள். இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்து, மங்கிய வெளிச்சத்தில் ஒன்றாகக் கலந்து, நல்ல தாளில் தூரிகையால் தடவி, இருட்டில் உலர்த்த வேண்டும். உலர்ந்த தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதன்மேல் பாசியை வைத்து, கண்ணாடித் தகட்டால் அழுத்தி, வெயிலில் வைக்கிறோம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுகிறது. மாறிய இரும்பு மற்ற உப்போடு சேர்ந்து, நீரில் கரையாத பிரஷ்ய நீலமாகத் தாளின் நாரிலேயே தங்கிவிடுகிறது. பாசி மறைத்த இடத்தில் ஒன்றும் நடப்பதில்லை.

தாளின் நிறம் மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பச்சை போய் நீலம் வரும், பிறகு அந்த நீலமும் சாம்பலும் வெண்கலமும் கலந்தாற்போல் மங்கும். அப்போது எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். மாறாத உப்புகள் மஞ்சளாகக் கரைந்து ஓடும், அந்த இடம் வெளுக்கும், சுற்றிலும் நீலம் எழும்பும். உலர உலர இன்னும் ஆழமாகும். கழுவத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். டால்பட்டின் வெள்ளி முறையில் படத்தை நிலைக்கச் செய்வதே பெரும்பாடாக இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விடுதலை என்று எண்ணிப் பாருங்கள். செலவும் குறைவு. சில பத்தாண்டுகள் கழித்துப் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் வரைபடங்களைப் படியெடுக்க இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நாம் புளூபிரிண்ட் என்று சொல்வது அதுதான்.

இந்த முறையில் ஒரு முக்கியமான விளைவு உண்டு. நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கத்துக்கு இன்னொரு பிரதி வேண்டுமென்றால் மறுபடியும் தாள் தடவ வேண்டும், மறுபடியும் பாசியை வைக்க வேண்டும், மறுபடியும் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே எந்த இரண்டு பிரதிகளிலும் ஒரு பாசியின் பக்கம் ஒன்றுபோல இராது. அளவும் அப்படியே. பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வழியில்லை. தாளில் தெரியும் பாசி எவ்வளவு நீளமோ, கடலிலிருந்து எடுத்து உலர்த்திய பாசியும் அவ்வளவு நீளம்.

ஒரு பக்கத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். டிக்டியோட்டா டைகோட்டமா என்ற பழுப்புப் பாசி. ஒவ்வொரு கிளையும் நுனியில் இரண்டாகப் பிரியும், பிரிந்தவை மறுபடியும் இரண்டாகப் பிரியும். தட்டையாக, நாடாபோல, மெல்லியதாக இருக்கும். அன்னா அந்தப் பக்கத்தில் இளம் பருவத்துப் பாசியையும் இனப்பெருக்கப் பருவத்துப் பாசியையும் சேர்த்தே வைத்து, அதைக் கீழே எழுதியும் இருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கிளைகள் தூய வெள்ளையாக இருக்கின்றன. மெல்லிய பகுதிகளில் வெயில் கொஞ்சம் ஊடுருவி, வெளிர்நீலமாக நின்றிருக்கிறது. பாசியின் கனம் எந்த இடத்தில் எவ்வளவு என்பதை அந்த நீலத்தின் ஏற்றத்தாழ்வு சொல்லிவிடுகிறது. எந்த ஓவியரும் அதைக் கணக்கிட்டு வரைய முடியாது.

எழுத்துகள் எப்படி வந்தன? பெயரைச் சிறு தாளில் மையால் எழுதி, ஒளி ஊடுருவும்படி அந்தத் தாளில் எண்ணெய் ஏற்றி, பாசியின் அருகிலேயே வைத்து வெயிலில் காட்டினார். மை ஒளியைத் தடுத்ததால் நீலத்தின்மேல் எழுத்து வெள்ளையாக வந்தது. முன்னுரையையும் இப்படியே செய்தார். தலைப்புப் பக்கத்தின் எழுத்துகளைக் கடற்பாசி இழைகளாலேயே வளைத்து அமைத்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அச்சுக்கூடத்தின் வாசலையே மிதிக்காத நூல் அது.

நூலின் பெயரைத் தமிழில் 'பிரிட்டனின் கடற்பாசிகள்: சயனோடைப் பதிவுகள்' என்று சொல்லலாம். அதற்கு ஒரு தேவை இருந்தது. வில்லியம் ஹார்வி என்ற ஐரிஷ் தாவரவியலாளர் 1841இல் பிரிட்டனின் பாசிகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். நல்ல நூல், ஆனால் படங்கள் இல்லை. படமில்லாமல் பாசியை அடையாளம் காண்பது கடினம். அன்னா ஹார்வியின் பெயர்களையே பின்பற்றி, அந்த நூலுக்குத் துணையாகப் படங்களை உருவாக்கினார். இவ்வளவு நுண்ணிய உயிர்களைத் துல்லியமாக வரைவது கடினம் என்பதாலேயே ஹெர்ஷலின் முறையை நாடியதாக முன்னுரையில் காரணம் சொல்லியிருக்கிறார். நூலைத் தந்தைக்குக் காணிக்கையாக்கினார்.

1843 அக்டோபரில் முதல் பகுதி வந்தது. டால்பட்டின் 'இயற்கையின் எழுதுகோல்' என்ற புகழ்பெற்ற ஒளிப்பட நூல் அடுத்த ஆண்டு ஜூனில்தான் வெளிவரத் தொடங்கியது. அன்னாவின் பகுதிகள் பத்தாண்டுகள், 1853 வரை, வந்துகொண்டே இருந்தன. நிறைவான தொகுப்பில் பெயரோடு கூடிய 389 படப் பக்கங்களும் 14 எழுத்துப் பக்கங்களும் இருக்கும். விற்பனைக்கு வைக்கவில்லை. ராயல் சொசைட்டி, ஹெர்ஷல், டால்பட், பாசி ஆய்வாளர் நண்பர்கள் என்று தேர்ந்து அனுப்பினார். சிறிய சிறிய கட்டுகளாக வரும். பெறுகிறவர்தான் கோத்துப் புத்தகமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு மேலும் நன்றாக வந்த பக்கத்தை அனுப்பி, பழையதை எடுத்துவிடச் சொல்வார். முழுமையாகவும் குறையாகவும் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 20 பிரதிகள்தான். அவற்றை மட்டும் கணக்கிட்டாலும் பல ஆயிரம் தாள்கள். ஒவ்வொன்றையும் தடவி, உலர்த்தி, வெயிலில் வைத்து, கழுவி எடுத்திருக்கிறார்கள். ஒரு மாளிகையின் தலைவி தனியாக இதைச் செய்திருக்க முடியாது. தண்ணீர் சுமந்த, தாள் கழுவிய பணியாளர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை.

இந்த நூல் அறிவியலில் வென்றதா? இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். வெல்லவில்லை. 1846 முதல் 1851 வரை ஹார்வி தானே வரைந்து, வண்ணம் சேர்த்து, 360 படங்களோடு பெருநூல் ஒன்றைக் கொண்டுவந்தார். பாசியை இனங்காண அதன் நிறம் வேண்டும், உள்ளமைப்பு வேண்டும், உருப்பெருக்கியில் தெரியும் வித்துறுப்புகள் வேண்டும். வெள்ளை நிழல் அவற்றைக் காட்டாது. ஆய்வாளர்கள் ஹார்வியிடமே போனார்கள். இதைச் சொல்வதால் அன்னாவின் மதிப்பு குறைகிறது என்று நான் கருதவில்லை. ஒளிப்படம் அறிவியலுக்கு எதைத் தரும், எதைத் தராது என்று அப்போது யாருக்குமே தெரியாது. 389 பக்கங்களில் அதைச் செய்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் பெண் ஒளிப்படக் கலைஞர் யார் என்ற விவாதம் ஒன்று உண்டு. அதில் நான் அதிக நேரம் செலவிடப்போவதில்லை. டால்பட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் 1839இலேயே முயன்று பார்த்திருக்கிறார். 2008இல் ஏலத்துக்கு வந்து, பிறகு திரும்பப் பெறப்பட்ட ஒரு பழைய இலைப் படம், பிரிஸ்டல் பகுதியைச் சேர்ந்த சாரா ஆன் பிரைட் என்ற பெண் 1839இல் செய்தது என்று வரலாற்றாசிரியர் லாரி ஷாஃப் 2015இல் அடையாளம் கண்டார். முதல் இடம் யாருக்குப் போனாலும், முதல் நூல் அன்னாவுடையதுதான்.

அப்படிப்பட்ட நூலின் ஆசிரியரை உலகம் எப்படி மறந்தது? முன்னுரையின் கீழே அவர் முழுப்பெயரை எழுதவில்லை. ஏ.ஏ. என்ற இரண்டு முதலெழுத்துகள்தான். அவர் இறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், கிளாஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் லாங் என்பவர் கையில் ஒரு பிரதி கிடைத்தது. அந்த எழுத்துகளுக்கு 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆர்வலர், என்று அவர் பொருள் கொண்டார். உண்மைப் பெயர் பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகும் பரவலாக யாரும் பேசவில்லை. 1970களிலிருந்து லாரி ஷாஃப் பிரதிகளைத் தேடி, ஒப்பிட்டு, 1985இல் 'சன் கார்டன்ஸ்' என்ற நூலை வெளியிட்ட பிறகுதான் அன்னா அட்கின்ஸ் ஒளிப்பட வரலாற்றில் தன் இடத்துக்கு வந்தார். 2018இல் நியூயார்க் பொது நூலகம் அவருக்கென்று ஒரு கண்காட்சி நடத்தியது. அந்த நூலகத்தில் இருப்பது ஹெர்ஷலுக்கு அவர் அனுப்பிய பிரதி.

சுவர்களில் நாம் அதிகமாகப் பார்க்கும் பெரணிகள் இந்த நூலைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு வேறொரு கதை, ஒரு நட்பின் கதை உண்டு. 1852ஆம் ஆண்டின் முதல் நாளில் தந்தை சில்ட்ரன் இறந்தார். வாழ்நாள் முழுவதும் தன்னோடு ஆராய்ச்சியில் இருந்தவரை இழந்த துயரத்தில் அன்னா ஒடுங்கிப்போனார். சிறு வயது முதல் கூடப் பிறந்தவள்போலப் பழகிய தோழி ஆன் டிக்சன், நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் உறவினர், அந்தக் கோடையில் வந்து தங்கினார். இருவரும் சேர்ந்து பெரணிகளையும் பூக்களையும் வெயிலில் வைத்தார்கள். 1853இல் உள்நாட்டு, வெளிநாட்டுப் பெரணிகள் ஒரு தொகுப்பாகவும், 1854இல் பூக்கும் தாவரங்களும் பெரணிகளும் சேர்ந்து இன்னொன்றாகவும் ஆயின. கடற்பாசி நூலில் இருந்த கண்டிப்பான ஒழுங்கு இவற்றில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இலைகள் பக்கத்தின் மூலைவரை வளைந்து போகின்றன. அழகுக்காகவும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. கடைக்காரர்கள் இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை.

இந்தப் பெரணிகளில் சிலவற்றின் கீழே ஊர்ப்பெயர் இருக்கிறது. ஜமைக்கா என்று சில. இலங்கையை அன்றைய பெயரால், சிலோன் என்று குறித்ததும் உண்டு. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் நமக்கு அந்தப் படத்தோடு ஓர் ஒட்டுறவு வந்துவிடுகிறது. ஆனால் ஊர்ப்பெயர்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. அன்னாவின் கணவருக்கு ஜமைக்காவில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தீவின் தோட்டப் பொருளாதாரம் அடிமைகளாக்கப்பட்டவர்களின் உழைப்பில் எழுந்தது. பேரரசின் கப்பல் பாதைகளில்தான் செடிகளும் பயணம் செய்து கென்ட் மாளிகைக்கு வந்தன. அன்னாவைப் போற்றுகிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். அவருடைய ஓய்வும், தாளும், தோட்டமும் எந்தச் செல்வத்திலிருந்து வந்தன என்பது அந்தப் பக்கங்களின் வரலாற்றில் ஒரு பகுதி. ஊர்ப்பெயரை வெட்டிவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அன்னா நாவல்களும் எழுதினார். தந்தையின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1865இல் தன் உலர்தாவரத் தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1871 ஜூன் 9 அன்று ஹால்ஸ்டெட் பிளேஸிலேயே காலமானார்.

இனி, சட்டம் போட்ட படத்துக்கு வருகிறேன். இன்று ஒரு மூலப் பக்கம் விற்பனைக்கு வந்தால் விலை நம்மால் நெருங்க முடியாததாக இருக்கும். ராபர்ட் ஹன்ட் என்ற அறிவியலாளரிடம் இருந்த, 382 பக்கங்கள் கொண்ட பிரதி 1996இல் 1,33,500 பவுனுக்கு ஏலம் போனது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 307 படங்கள் கொண்ட ஒரு பிரதியை வாங்கியிருக்கிறது. ஆனால் நியூயார்க் நூலகம் தன்னிடமுள்ள பக்கங்களை நுண்ணிதாக வருடி, யாரும் விலையின்றி இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. காப்புரிமைத் தடை இல்லை. கடையில் வாங்குவதைவிட அதை இறக்கி நல்ல தாளில் அச்சிட்டுக்கொள்வது மேல் என்பது என் எண்ணம். அப்போது முழுப் பக்கமும் நம் கையில் இருக்கும். சட்டம் போடுகிறவரிடம் கொடுக்கும்போது மவுண்ட் அட்டையின் துளையைக் கீழே கொஞ்சம் தாராளமாக வெட்டச் சொல்லுங்கள். லத்தீன் பெயர் மறைந்துவிடக் கூடாது. பெயர் மறைந்தால், அடையாளம் காண்பதற்காகச் செய்த பக்கம் அடையாளமே இல்லாததாகிவிடும். அளவையும் விசாரியுங்கள். மூலத்தின் அளவிலேயே அச்சிட்டால்தான் பாசி அதன் உண்மை நீளத்தில் இருக்கும். பின்பக்கம் ஒரு சீட்டில் அன்னா அட்கின்ஸ் என்றும், பெரணியாக இருந்தால் ஆன் டிக்சன் பெயரையும் சேர்த்து, ஆண்டோடு எழுதி ஒட்டுங்கள்.

நீங்களே சயனோடைப் செய்து சட்டம் போடப்போகிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு செய்திகள். நம் மாணவர்கள் பலர் இப்போது வேப்பிலையையும் முருங்கை இலையையும் வைத்து இதைச் செய்துபார்க்கிறார்கள், மகிழ்ச்சி. பிரஷ்ய நீலத்துக்குக் காரம் ஆகாது. காரம் பட்டால் வெளுத்துவிடும். பழைய தாள்களைக் காப்பதற்கென்று சுண்ணச் சேர்மம் கலந்து செய்யும் அட்டைகள் மற்றப் படங்களுக்கு நல்லவை, இதற்கு மட்டும் கேடு. காரமும் அமிலமும் இல்லாத நடுநிலை அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது வெளிச்சம். வெயிலில் பிறந்த படம் தொடர்ந்து வெயில் பட்டால் மங்கும். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம். மங்கியதைக் கழற்றிச் சில நாட்கள் இருட்டில், காற்றுப் படும்படி வைத்தால் நீலம் ஓரளவு திரும்ப வரும். வேறு பல ஒளிப்பட முறைகளுக்கு இந்தக் குணம் இல்லை. வெளிச்சத்தில் மங்கும் என்பதால்தான் அருங்காட்சியகங்களும் அன்னாவின் பக்கங்களைச் சில மாதங்கள் காட்சிக்கு வைத்துவிட்டு, நீண்ட காலம் பெட்டிக்குள் ஓய்வு கொடுக்கின்றன.